ட்ரையர் ரூமுக்குள் வந்த பாய்ப்படகு

எங்கள் பழைய டீ ஃபேக்டரியைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இத்தலாரைத் தாண்டிப் போனால் வரும் ஆனைச்சரிவு எஸ்டேட் ஃபேக்டரிதான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் தச்சர்கள் ட்ரையர் ரூம் வாசலில் ஒரு விசித்திரத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே தச்சர்களாக இருந்தவர்களில் இன்னும் இந்த மலையில் இருப்பவன் நான் ஒருவன்தான். போனேன். தேக்கு நிலைக்கால் ஒன்று இடுப்புயரத்தில் அறுக்கப்பட்டு, சாய்வு ஒட்டுப் போட்டுத் திரும்பவும் சேர்க்கப்பட்டிருந்தது. ஒட்டைத் தடவிப் பார்த்தேன், இன்னும் நகம் நுழையவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"ஏனுங்க பெரியவரே, இத்தனை நல்ல நிலைய எதுக்குங்க அறுத்தாங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"படகு உள்ள வரோணும்னு நாந்தானுங்க அறுத்தேன்" என்றேன்.

சிரித்தார்கள். இந்த உயரத்தில், மேகம் ஜன்னல் வழியாக வந்து போகிற இடத்தில், தேயிலை ஃபேக்டரிக்குள் படகா என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றைக்கு வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் பாதியில் டீ குடிக்கப் போயிருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அன்னூர் பக்கம். அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு, மீசை முளைத்த புதிதில் மலையேறி, ஆனைச்சரிவு ஃபேக்டரியில் சேர்ந்தேன். இலையை வாட்டுகிற நீளமான தொட்டிகள், அதற்குக் காற்று கொண்டு போகிற மரக்குழாய்கள், ஒரு காலத்தில் தேயிலை அடைத்து அனுப்பிய பிளைவுட் பெட்டிகள் எல்லாம் என் கை வேலை. தொட்டியில் காற்று ஒழுகினால் இலை ஒரு பக்கம் வாடும், ஒரு பக்கம் வாடாது. அதனால் இணைப்பு என்றால் ஊசி முனைக்குக் கூட இடம் விடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆயுசு முழுக்க நான் கற்றது அந்த ஒரே பாடம்தான். நான் செய்த எதுவும் அசைந்ததில்லை. அசைந்தால் அது தப்பு.

பிறகு தேயிலை விலை விழுந்தது. இலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். எஸ்டேட்டில் முதலில் ஒரு ஷிப்ட் நின்றது, பிறகு வாரத்தில் பாதி நாள் நின்றது, பிறகு ஒரு காலை, இலையை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடு தரும் விறகு ஹீட்டரை யாரும் பற்ற வைக்கவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்கள் எழுந்ததும் முதலில் பார்ப்பது ஃபேக்டரி புகைபோக்கியைத்தான். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து மழை சொல்வார்கள், எவ்வளவு கறுப்பு என்று பார்த்து அன்றைக்கு இலை எவ்வளவு என்று சொல்வார்கள். அந்தப் புகை நின்றதும் பலர் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மீதிப் பேர் லயத்திலேயே இருந்துகொண்டு, யாராவது ஒரு நாள் கேரட் கழுவக் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தார்கள். பறிக்காத தேயிலை ஆள் உயரம் வளர்ந்து மரமாகத் தொடங்கியது. எஸ்டேட் மேனேஜர் தொரை பங்களாவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இருப்பதைப் பார்த்துக்கொள்ள இன்ஜினியர் குரியன் சாரை மட்டும் அந்த வருஷக் கடைசி வரை இருக்கச் சொன்னார்கள்.

குரியன் சாருக்கு ஆலப்புழை பக்கம், தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஒரு வீடு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு மெஷின் பழுதென்றால் ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் நிற்போம். அப்புறம் கண்ணைத் திறந்து எந்த பேரிங் என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். தப்பு செய்தவனைத் திட்டமாட்டார். அவனையும் கூப்பிட்டு அந்தக் கைப்பிடியில் காது வைக்கச் சொல்வார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

அவரிடம் ஒரு பாய்ப்படகு இருந்தது. எப்போதோ ஊரை விட்டுப் போன ஒரு பழைய தொரை விட்டுச் சென்றது. ஃபைபர் உடம்பு, முன்பக்கம் இரண்டு பேர் குனிந்து உட்காரும்படி சின்ன அறை, நடுவில் ஒரு பாய்மரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அணைத் தண்ணீரில் அதை ஓட்டுவார். லயத்தில் அவருக்குப் பெயரே தோணி ஐயா. அதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தண்ணீர் என்றால் எனக்குக் குடிக்கவும் குளிக்கவும் தெரியும்.

ஃபேக்டரி நின்று பல மாதம் கழித்து என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படகுக்குள் தலையை விடச் சொல்லி, அறையின் குறுக்கே நின்ற பிளைவுட் சுவரைக் காட்டினார். ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்துக் குத்தச் சொன்னார். டீயில் நனைத்த ரஸ்க்கில் போகிற மாதிரி உள்ளே போயிற்று.

"பாய்மரம் இதுக்கு மேலயாக்கும் நிக்குறது, ஆசாரி. ரெண்டு பக்கக் கம்பியும் இதுலயாக்கும் பிடிச்சிருக்கு. இது போனா மரம் தலையில விழும், கேட்டோ?"

பாய்மரம் அடிவரை இறங்கியிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. அது அறைக் கூரையின் மேல்தான் நின்றது. காற்று அடித்தால் ஒரு பக்கத்துக் கம்பி சுவரை மேலே இழுக்கும், பாய்மரம் நடுவில் கீழே அமுக்கும். இழுப்பையும் அமுக்கையும் ஒரே நேரத்தில் தாங்குவது என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பலகை. கம்பி பிடித்திருந்த பட்டை இரும்பு கூரையைத் துளைத்து வரும் இடத்தில் மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, வருஷக்கணக்கில் அதை உள்ளிருந்தே தின்றிருந்தது. வெளியே வார்னிஷ் மினுமினுத்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த ரஸ்க்கை நம்பி அவர் தண்ணீருக்குப் போயிருக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தன் யோசனையை அவர் நேராகச் சொன்னார். சுவர் சரியாக அமைந்தால் படகை லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு போவார். அமையவில்லையென்றால் போவதற்கு முன் கோடாலியால் தானே பிளந்துவிடுவார். கொல்லக்கூடிய படகை யாருக்கும் விற்கவும் மாட்டார், சும்மா கொடுக்கவும் மாட்டார். அதைச் சொல்லும்போது அவர் படகைப் பார்க்கவில்லை, வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இந்த மலையில் அவருக்குச் சொந்தம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

பழைய சுவரை எடுத்தால் படகின் விலா இரண்டு பக்கமும் அகன்றுவிடும். அதனால் முதலில் வெளியே முட்டுக் கொடுத்தோம். உள்ளே இரு விலாவுக்கும் குறுக்கே ஒரு நூலை விறைப்பாகக் கட்டினார். விலா அகன்றால் நூல் அறுந்து காட்டிக்கொடுக்கும். உளியால் நான் பழைய பலகையைத் துண்டு துண்டாக எடுக்கும்போதெல்லாம் அவர் கண் என் கையில் இல்லை, நூலில்தான் இருந்தது. நூல் அறவில்லை.

அடுத்து அளவெடுக்க வேண்டும். படகுக்குள் நேர்க்கோடு என்று ஒன்றுமே கிடையாது. என் மட்டப்பலகையும் மூலைமட்டமும் அங்கே வெறும் சுமை. பழைய டீப்பெட்டிப் பலகை ஒன்றைச் சுவர் இருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கூர் முனையுள்ள ஒரு குச்சியை அதன் மேல் வைத்து, முனை படகின் உடம்பைத் தொடும்படி தள்ளி, குச்சியின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்தார். கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. இப்படிச் சுற்றிலும். பிறகு அந்தப் பலகையைக் கொச்சியிலிருந்து வந்த புதிய பிளைவுட் மேல் வைத்து, அதே குச்சியை ஒவ்வொரு கோட்டிலும் திரும்ப வைத்து, முனை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தேன். படகின் வயிறு அப்படியே பலகையில் வந்துவிட்டது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு குச்சிக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது.

முழுப் பலகை அறை வாசலுக்குள் நுழையாது. இரண்டு பாதியாக அறுத்து, உள்ளே வைத்து, நடுவில் பின்பட்டை கொடுத்துச் சேர்க்கலாம் என்று நான் சொன்னேன். தலையாட்டினார். அறுத்து இழைத்து, என் வழக்கப்படி ஊசி முனைக்கும் இடம் இல்லாமல் தட்டித் தட்டி இறுக்கினேன். சுவர் அந்த இடத்திலேயே முளைத்த மாதிரி நின்றது. அவரைக் கூப்பிட்டேன். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் உள்ளே பார்க்கவே இல்லை. என்னை வெளியே கூட்டி வந்து, படகின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தடவச் சொன்னார். சுவர் நிற்கும் இடத்தில் மெல்லிசாக ஒரு மேடு தட்டுப்பட்டது. சற்றுத் தள்ளி அமுக்கச் சொன்னார். உடம்பு உள்ளே போய்த் திரும்பி வந்தது, மாட்டின் விலா மாதிரி.

"இது அனங்கணும் ஆசாரி. அலை அடிக்கும்போ இது அனங்கித்தான் தாங்கும். சுவர் முட்டுனா அந்த இடத்துல ஒடியும்."

அனங்குவது என்றால் அவர்கள் பாஷையில் அசைவது. சுவர் படகைத் தொடவே கூடாதாம். சுற்றிலும் இடைவெளி விட்டு, அதில் மெத்தென்று ஒரு பட்டை வைத்து, அதன் மேல் கண்ணாடி நாரும் பிசினும் போட்டு இரண்டு பக்கமும் பிடிக்க வைக்க வேண்டும். ஒரு ஃபேக்டரித் தச்சன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். மறுபடி இழைப்புளியை எடுத்து, இறுக்கமாகச் செய்ததை வேண்டுமென்றே தளர்வாக்கினேன். கை வரவேயில்லை. நல்ல உடம்பில் காயம் பண்ணுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் வந்தது. ஒரு துண்டில் பிசினைத் தடவிப் பார்த்தோம். சமவெளியில் ஒரு பொழுதில் கல்லாகிவிடுமாம். இங்கே மூடுபனியிலும் குளிரிலும் மறுநாளும் பலாப்பிசின் மாதிரி கையில் ஒட்டியது. சூடு இல்லாமல் அது இறுகாது. அரைகுறையாக இறுகினால் எங்கள் சுவர் ஒரு நாள் அப்படியே உரிந்து வந்துவிடும். அவ்வளவு பெரிய படகைச் சூடாக்கும் இடம் இந்த மலையில் ஒன்றுதான், எங்கள் ட்ரையர் ரூம். நிலைக்காலை அறுத்துப் படகை உள்ளே தள்ளியது அப்போதுதான். விறகும் மிச்சம் கிடந்தது. ஆனால் குரியன் சார் ஹீட்டர் முன்னால் நின்றுகொண்டு தீப்பெட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஏன் என்று கேட்டேன். லயத்துக்காரர்கள் புகையைப் பார்ப்பார்களே என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் பலகையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். புகை எழுந்தால் ஃபேக்டரி திறந்துவிட்டது என்று அத்தனை குடும்பமும் ஓடி வரும். வந்து பார்த்தால் படகு. அந்த முகங்களை அவரால் பார்க்க முடியாது. படகைப் பிளந்துவிடலாம் என்ற பேச்சுக்கே அவர் அப்போது வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, நாளைக் காலையில் புகை வரும், அது தேயிலைக்கு இல்லை, என் படகுக்கு, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் பற்ற வைக்க மாட்டேன் என்று சொன்னார். ஒரு இன்ஜினியர் லயத்து வாசல்களில் நின்று அனுமதி கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி வாசலில் கொழுந்து பறிக்கும் பாக்கியம்மா மட்டும், நல்லா எரியவிடுங்க ஐயா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலையில் ஹீட்டரைப் பற்ற வைத்தோம். விசிறி ஓடத் தொடங்கியது. கட்டடம் முழுக்க ஒருமுறை பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. மூலைகளில் கிடந்த பழைய தேயிலைத் தூள் சூடாகி வாசம் எழுந்தது. சுவர் ஓரம் முழுக்கப் பிசினும் நாரும் வைத்து இழுத்துக்கொண்டு போனோம். நான் படகுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தபோது வாசலில் பாக்கியம்மா நின்றார். பின்னால் லயமே நின்றது. பல பேர் முதுகில் கூடை.

குரியன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. நேற்றே சொன்னேனே என்றார்.

"சொன்னீங்கதான் ஐயா, வெளங்குச்சிதான்" என்றார் பாக்கியம்மா. அவர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர், பேச்சில் அது அப்படியே இருந்தது. "ஆனா பொகையக் கண்டா வூட்டுக்குள்ள இருக்க ஏலுதில்லையே. கை தன்னால கூடையத் தூக்கிருச்சி."

குரியன் சார் கதவை அகலத் திறந்து எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார். கூடைகளைக் கழற்றிவிட்டுச் சுவர் ஓரமாகச் சூட்டில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வேலை என்று ஒன்றும் இல்லை, ஆனாலும் யாரும் போகவில்லை. ஒவ்வொருவராக வந்து படகைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களில் கடலைப் பார்த்தவர் பாக்கியம்மா ஒருவர்தான். தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தபோது வழியெல்லாம் கப்பலின் பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாராம். அந்த இரும்பும் அசைந்ததா என்று குரியன் சார் கேட்டார். அசைந்தது என்றார் பாக்கியம்மா. பேய் என்று நினைத்துப் பயந்தேன் என்றார். மழை பெய்துகொண்டிருந்தது, ட்ரையர் ரூம் கதகதப்பாக இருந்தது, பிசின் இறுகிக்கொண்டிருந்தது. செத்த ஃபேக்டரிக்குள் அத்தனை பேர் ஒரு படகைச் சுற்றி உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிரமிப்புத்தான்.

வெயில் வந்த ஒரு காலையில் படகை அணைக்குக் கொண்டு போய்ப் பாய்மரம் ஏற்றினோம். பார்க்க லயத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள். கோடாலியும் ஜீப்பில் இருந்தது. குரியன் சார் என்னை அறைக்குள் உட்காரச் சொன்னார். நான் கும்பிடாத சாமி இல்லை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் அசைவே இல்லை. பிறகு சோலைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியது. பாய் படாரென்று விரிந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நான் உருண்டு போய் எங்கள் சுவரின் மேல் விழுந்தேன்.

கையை ஊன்றினேன், எடுக்க முடியவில்லை. அந்தப் பலகைக்குள் ஏதோ ஓடியது. வெளியே அடிக்கிற காற்று முழுக்கக் கம்பி வழியாக, பட்டை இரும்பு வழியாக, என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. சுவர் முறுகியது, முனகியது, கொஞ்சம் வளைந்தது, திரும்பி வந்தது. நான் செய்த ஒரு பொருள் முதல்முறையாக அசைந்தது. அப்போது டக் என்று ஒரு சத்தம்.

"சார், ஒடையுதுங்க" என்றேன்.

அவர் சுக்கானை விடவில்லை. ஸ்க்ரூடிரைவரை மட்டும் உள்ளே நீட்டினார். எனக்குப் புரிந்தது. முனையைச் சுவரில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் பலகையில் இல்லை. மேலே, வலது பக்கப் பட்டை இரும்பின் போல்ட்டில் இருந்தது. பாரம் ஏறியதும் அது தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அறையில் கிடந்த ஸ்பேனரால் அதை இறுக்கிவிட்டு மறுபடி காது வைத்தேன். மணி அடித்து ஓய்ந்த பிறகு இருக்குமே, அந்த மாதிரி ஒரே சீரான ரீங்காரம். வெளியே வந்து அவரிடம், நிக்குதுங்க என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டார். அணையை முழுக்கச் சுற்றினோம். பள்ளத்தாக்கும் மலையும் எங்களைச் சுற்றித் திரும்புகிற மாதிரி இருந்தது. இந்த மலையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், ஆனால் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வருஷக் கடைசியில் லாரி வந்தது. படகை ஏற்றிக் கட்டினோம். கேட்டில் காதர் பாய் லாரியை நிறுத்தினார். ஃபேக்டரி ஓடிய காலத்தில் அவர் பேக்கிங் ரூம் ஆள். டீப்பெட்டியோ மூட்டையோ, எஸ்டேட் பெயரும் வரிசை எண்ணும் எழுத்து வெட்டிய தகட்டு அச்சில் கறுப்பு மையால் பதிக்காமல் ஒன்றும் கேட்டைத் தாண்டக்கூடாது. அதைப் பதிப்பவர் அவர்தான். ஃபேக்டரி நின்ற பிறகு வாட்ச்மேனாக வைத்திருந்தார்கள்.

"மார்க் இல்லாத சரக்க நான் இதுவரைக்கும் வெளிய விட்டதில்லீங்க சார்" என்றார்.

விளையாட்டு என்று நினைத்து டிரைவர் சிரித்தான். காதர் பாய் சிரிக்கவில்லை. கையில் தகடும் மைப் பிரஷ்ஷும் இருந்தன. இது என்னுடைய சொந்தப் படகு, ஃபேக்டரி சரக்கு இல்லை என்று குரியன் சார் மெதுவாகச் சொன்னார். கேட்டோரம் நின்ற பாக்கியம்மா குறுக்கே வந்தார்.

"நம்ம ஹீட்டர்ல காஞ்சது தானே ஐயா. நாங்களும் கூட இருந்தோம் தானே."

குரியன் சார் லாரியிலிருந்து இறங்கிவிட்டார். பிறகு காதர் பாயின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டார். நானும் ஏறினேன். காதர் பாய் அறைக்குள் குனிந்து, எங்கள் சுவரின் நடுவில் தகட்டை வைத்து மையைத் தேய்த்தார். ஆனைச்சரிவு என்று விழுந்தது. பிறகு எண் தகடுகளை எடுத்து, விரலால் தேடி, ஃபேக்டரியிலிருந்து கடைசியாகப் போன தேயிலையின் எண்ணுக்கு அடுத்த எண்ணைக் கோத்துப் பதித்தார். மை காயும்வரை வாயால் ஊதினார். கேட்டைத் திறந்தார்.

ஆள் உயரம் வளர்ந்த தேயிலைக்கு மேலே படகு மட்டும் தெரிந்தது. வளைவுக்கு வளைவு அது பச்சையில் மிதந்து கீழே போயிற்று. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த எண்ணுக்கு அடுத்த எண் அதன் பிறகு எந்தச் சரக்கிலும் விழவில்லை.